சேகோ ஆலைக் கழிவுநீர்: பயோஃபிலிமுக்குள் எந்தப் பொருளின் செறிவைச் சமன்பாட்டில் வைப்பது?

கன்னங்குறிச்சி_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு எடுத்திருப்பது, பயோஃபிலிமுக்குள் (பரப்பில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படலத்துக்குள்) கரைபொருள் எப்படி நகர்கிறது என்பதற்கான கணித மாதிரி. வெறும் சமன்பாட்டோடு நிறுத்தாமல் நம் ஊர்ச் சங்கதியோடு சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை, அதனால் சேகோ ஆலைக் கழிவுநீரை எடுத்துக்கொண்டேன். இங்கே யாரைக் கேட்டாலும் குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, ஸ்டார்ச் என்று ஏதோ ஒரு வகையில் இந்தத் தொழிலோடு உறவு இருக்கும். அந்தத் தண்ணீர் சுத்திகரிக்காமல் ஓடையில் இறங்கினால் என்ன நாற்றம் வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அமைப்பு இதுதான். கழிவுநீர் முதலில் காற்றில்லாத் தொட்டிக்குப் போய், பயோகேஸ் கொடுத்துவிட்டு வருகிறது. அடுத்த தொட்டியில் கீழிருந்து காற்று ஊதுகிறார்கள். அங்கே மிதக்கும் பிளாஸ்டிக் மீடியாவின்மேல் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் மிச்சத்தைத் தின்கிறது. நான் மாதிரியாக்குவது இந்த இரண்டாவது தொட்டியில் இருக்கும் படலத்தை. தடிமன் 500 மைக்ரோமீட்டர் என்று வைத்திருக்கிறேன். படலத்துக்குள் விரவல் கெழுவை (பொருள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) செறிவின் இரண்டாம் வகைக்கெழுவால் பெருக்கினால் மோனோ வடிவ வினைவேகம் (செறிவு கூடக் கூட ஏறி ஓர் உச்சத்தில் நிற்பது) கிடைக்கும் என்பது சமன்பாடு. அடியில், அதாவது பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில், பாயம் (ஒரு சதுர மீட்டரை நாளுக்குக் கடக்கும் பொருளின் அளவு) பூஜ்யம். மேலே செறிவு தொட்டியில் உள்ள செறிவுக்குச் சமம்.

தொட்டியில் கரைந்த சிஓடி (கரிமப் பொருளை முழுக்க ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனாகக் கணக்கிட்ட அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம், அதை முழுக்கக் குளுக்கோஸ் என்றே எடுத்துக்கொண்டேன். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம். உச்ச வளர்ச்சி வேகம் நாளுக்கு 6, அரைச்செறிவு மாறிலி (வேகம் உச்சத்தில் பாதியாக இருக்கும் செறிவு) லிட்டருக்கு 20 மில்லிகிராம், விளைச்சல் 0.6, படலத்தில் நுண்ணுயிர் அடர்த்தி கனமீட்டருக்கு 10 கிலோ, எல்லாம் சிஓடி அளவில். இவற்றைப் பெருக்கி வகுத்தால் படலத்தில் ஒரு கனமீட்டர் நாளுக்கு உச்சமாக 1,00,000 கிராம் சிஓடி தின்னும்.

இப்போது குழப்பம். சில கட்டுரைகளில் குளுக்கோஸுக்கு நீரில் உள்ள விரவல் கெழுவையே (25 டிகிரியில் வினாடிக்கு 6.7 × 10⁻¹⁰ சதுர மீட்டர்) போடுகிறார்கள், சிலவற்றில் அதில் கால் பங்குதான். வினைவேகத்தை மாறிலியாக வைத்துக் கையால் போட்டுப் பார்த்தால் முதல் மதிப்புக்குக் குளுக்கோஸ் சுமார் 480 மைக்ரோமீட்டர் ஆழம் போகிறது, இரண்டாவதற்கு 240. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒன்றில் படலம் கிட்டத்தட்ட முழுதும் உயிரோடு இருக்கிறது, மற்றதில் பாதி பட்டினி. எதை எடுப்பது? படலத்துக்கு வெளியே ஒரு தேங்கிய நீரடுக்கு இருக்கிறது என்கிறார்கள், அதைச் சேர்க்கத்தான் வேண்டுமா? நேரத்தைச் சார்ந்த உறுப்பை விட்டுவிடலாமா? எங்கள் துறையில் ஹோமோடோபி முறையில் தொடராக விரித்துத் தீர்வு எழுதுவது வழக்கம், அதை இதற்குப் பயன்படுத்தினால் விடை நம்பத்தக்கதாக இருக்குமா, எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது?

ஆத்தூர்_ஈடிபி எழுதியது:

வணக்கம்மா. ஆத்தூர்ப் பக்கம் சேகோ, ஸ்டார்ச் ஆலைகளுக்குச் சுத்திகரிப்பு அமைப்பு வடிவமைக்கிற வேலை எனக்கு. இந்தத் தலைப்பை ஒரு கணித மாணவி எடுத்திருப்பதில் ரொம்ப சந்தோஷம், எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கை யாரும் போடாமலேயே தொட்டி கட்டிவிடுகிறார்கள்.

240-ஆ 480-ஆ என்பதற்குப் போகும் முன்னால் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும்: படலத்துக்குள் முதலில் தீர்ந்துபோகிற பொருள் எது? உங்கள் சமன்பாட்டில் குளுக்கோஸ் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் தின்கிறவற்றுக்கு மூச்சும் வேண்டுமே. விளைச்சல் 0.6 என்றால் ஒரு கிராம் சிஓடியில் 0.6 கிராம் புது செல்லாகிறது, மிச்சம் 0.4 கிராம் ஆக்சிஜனால் எரிக்கப்படுகிறது. அப்படியானால் உங்கள் படலம் ஒரு கனமீட்டருக்கு நாளுக்கு 40,000 கிராம் ஆக்சிஜன் கேட்கிறது, தொட்டித் தண்ணீரில் இருப்பதோ கனமீட்டருக்கு 4 கிராம்.

எது முதலில் தீரும் என்று பார்க்கக் கணினி தேவையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் விரவல் கெழுவையும் மேற்பரப்புச் செறிவையும் பெருக்குங்கள், குளுக்கோஸ் பக்கத்தை மட்டும் 0.4-ஆல் பெருக்கி ஆக்சிஜன் கணக்குக்குக் கொண்டு வாருங்கள். எது சிறியதோ அதுதான் படலத்தை ஆளும். விரவல் கெழு விஷயத்தில் பிலிப் ஸ்டூவர்ட் 2003-இல் பயோஃபிலிம் விரவல் அளவீடுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையைப் பின்பற்றுங்கள்: ஆக்சிஜன் போன்ற லேசான வாயுக்களுக்கு நீரில் உள்ள மதிப்பில் சுமார் 0.6 பங்கு, பெரும்பாலான கரிமக் கரைபொருள்களுக்கு 0.25 பங்கு. காரணமும் புரியக்கூடியதுதான். ஆக்சிஜன் செல்லின் சவ்வையே ஊடுருவிக் கடந்துவிடும், குளுக்கோஸ் செல்லைச் சுற்றிக்கொண்டு கூழ் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆக்சிஜனுக்கு நீரில் வினாடிக்கு 2.1 × 10⁻⁹ சதுர மீட்டர். நாள் கணக்குக்கு மாற்றி 0.6-ஆல் பெருக்கினால் 1.09 × 10⁻⁴. அதை 4-ஆல் பெருக்கினால் 4.4 × 10⁻⁴. குளுக்கோஸுக்குப் படலத்துக்குள் நாளுக்கு 1.45 × 10⁻⁵, அதை 200-ஆலும் 0.4-ஆலும் பெருக்கினால் 11.6 × 10⁻⁴. ஆக ஆக்சிஜன்தான் முதலில் தீருகிறது, கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை. அது போகும் ஆழத்தைப் பாருங்கள்: இரண்டு × விரவல் கெழு × செறிவு ÷ வினைவேகம், அதன் வர்க்கமூலம். சுமார் 150 மைக்ரோமீட்டர்தான் வருகிறது. நீங்கள் 240, 480 என்று கேட்டது இரண்டுமே நடக்காத ஆழங்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. அந்த 150 மைக்ரோமீட்டருக்குள் குளுக்கோஸ் லிட்டருக்கு 75 மில்லிகிராம் மட்டுமே குறைந்திருக்கும். மிச்சம் 125 அப்படியே பிளாஸ்டிக் வரைக்கும் தட்டையாகப் போகும். ஆக அடியில் இருக்கும் 350 மைக்ரோமீட்டரில் சாப்பாடு இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. அங்கே காற்றில்லாமல் வாழ்கிறவை குடியேறி அமிலம் உண்டாக்கும், சல்பேட் இருந்தால் சல்பைடும் உண்டாக்கும். மீடியாவைக் கையில் எடுத்துப் படலத்தைச் சுரண்டினால் மேலே பழுப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் இருக்கிறதே, அந்தக் கறுப்பு இதுதான். குளுக்கோஸை மட்டும் வைத்த மாதிரி இந்தப் பகுதியை ஒருபோதும் காட்டாது. அதனால் இரண்டு சமன்பாடுகள் வையுங்கள், வினைவேகத்தில் இரண்டு மோனோ உறுப்புகளையும் பெருக்கி வையுங்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், தொட்டியில் குளுக்கோஸ் லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் கீழே போனால்தான் நிலைமை திரும்பி குளுக்கோஸ் ஆளும் பொருளாகும். தொட்டியை வரிசையாக மூன்றாகப் பிரித்துக் கட்டினால் முதல் இரண்டில் காற்று ஆளும், கடைசியில் சாப்பாடு ஆளும் என்பதெல்லாம் இதிலிருந்து வருகிறது. ப்ராஜெக்டில் இதை ஒரு படமாகவே போடலாம்.

இன்னொன்று. சேகோத் தண்ணீரில் இருப்பது எல்லாம் குளுக்கோஸ் என்று எடுத்தது கணக்குக்குச் சரி, ஆனால் எழுதும்போது விளக்கம் கொடுத்துவிடுங்கள். மரவள்ளி ஸ்டார்ச் மணி 5 முதல் 35 மைக்ரோமீட்டர் வரை பெரிது, அது படலத்துக்குள் விரவாது. வெளியே நொதிகள் அதை உடைத்த பிறகுதான் உள்ளே போகும், அந்த உடையும் வேகம் விரவலைவிட மெதுவாக இருந்தால் உங்கள் முழு மாதிரியும் இரண்டாம் பட்சம். காற்றில்லாத் தொட்டி ஒழுங்காக ஓடினால் ஸ்டார்ச் அங்கேயே உடைந்துவிடும், இரண்டாவது தொட்டிக்கு வருவதில் அசிட்டேட் மாதிரியான கொழுப்பு அமிலங்கள்தான் அதிகம் இருக்கும். அசிட்டேட்டின் விரவல் கெழு குளுக்கோஸைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், ஆக அது இன்னும் சுலபமாக அடிவரை போகும், ஆக்சிஜன் இன்னும் உறுதியாக ஆளும் பொருளாகும்.

எண்முறை_வாத்தியார் எழுதியது:

ஆத்தூர் சொன்னதற்கு மேல் கணிதப் பக்கத்தைச் சேர்க்கிறேன். ஒரு கல்லூரியில் எண்சார் முறைகள் பாடம் எடுக்கிறேன், இந்த வகைச் சமன்பாட்டில் மாணவர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்பது தெரியும்.

முதலில் நேர உறுப்பு. தடிமனின் வர்க்கத்தை விரவல் கெழுவால் வகுத்தால் ஒரு கரைபொருள் படலத்துக்குள் நிலைபெற ஆகும் நேரம் வரும். உங்கள் 500 மைக்ரோமீட்டருக்கு ஆக்சிஜனுக்கு 200 வினாடி, குளுக்கோஸுக்கு 25 நிமிடம். படலம் தடிக்க நாட்கணக்கு ஆகும். ஆகவே செறிவு வரைபடத்துக்கு நேர உறுப்பை விட்டுவிடலாம், தைரியமாக விடலாம். ஆலையிலிருந்து வரும் தண்ணீர் நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் மட்டும் மறுபடி யோசிக்க வேண்டும், ஆனால் நடுவில் ஒரு பெரிய காற்றில்லாத் தொட்டி இருப்பதால் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். படலம் வளர்வதையும் சேர்க்க ஆசை இருந்தால் வான்னரும் குயரும் 1986-இல் கொடுத்த அமைப்பைப் படியுங்கள்: கரைபொருளை ஒவ்வொரு கணமும் நிலைத்த நிலையில் தீர்த்துவிட்டு, செல்கள் வளர்ந்து ஒன்றையொன்று மேலே தள்ளும் வேகத்தை மெதுவான நேரத்தில் தீர்ப்பது. முதல் ப்ராஜெக்டுக்கு அது கட்டாயம் இல்லை.

அடுத்து ஹோமோடோபி. நம் பக்கத்துக் கணிதத் துறைகளில் இந்த முறைக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் எந்த எல்லைக்குள் அது நிற்கும் என்று பார்க்காமல் பயன்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சமன்பாட்டைப் பரிமாணமற்ற வடிவத்துக்கு மாற்றினால் ஒரே ஒரு எண், விரவலோடு ஒப்பிட்டால் வினை எவ்வளவு வேகம் என்று சொல்வது, முன்னால் வந்து நிற்கும். 1939-இல் எர்னஸ்ட் தீல் வினையூக்கித் துகள்களுக்காக எழுதிய அதே எண்தான். ஆக்சிஜனுக்கு அரைச்செறிவு மாறிலி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று எடுத்தால் (கழிவுநீர் மாதிரிகளில் வழக்கமான மதிப்பு), உங்கள் படலத்துக்கு தீல் எண்ணின் வர்க்கம் 460-க்குப் பக்கத்தில், அதாவது தீல் எண் 21. இரண்டு மூன்று உறுப்புகளோடு நிறுத்திய தொடர் தீல் எண் 1-ஐ ஒட்டி இருக்கும் வரை அழகாக ஒத்துப்போகும். 21-இல் அது அடிப்பக்கம் எதிர்மறைச் செறிவு காட்டலாம், அல்லது மேலே ஏறலாம். உங்கள் அமைப்பின் எண் எங்கே விழுகிறது என்று சொல்லாமல் வெறுமனே ஒத்துப்போகும் மதிப்புகளுக்கு மட்டும் படம் போட்டுக் காட்டினால் அது சேலத்துப் படலத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

சரி, சரிபார்க்க என்ன வழி? இந்தச் சமன்பாட்டுக்கு முழுத் தீர்வு கையில் வராது, ஆனால் நமக்கு மிக முக்கியமான ஓர் எண், மேற்பரப்புப் பாயம், துல்லியமாகவே வரும். சமன்பாட்டை இரண்டு பக்கமும் செறிவின் முதல் வகைக்கெழுவால் பெருக்கி ஒரு முறை தொகையிடுங்கள். அடியில் பாயமும் இல்லை, செறிவும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் கிடைப்பது இது:

பாயத்தின் வர்க்கம் = 2 × விரவல் கெழு × உச்ச வினைவேகம் × [மேற்பரப்புச் செறிவு − அரைச்செறிவு மாறிலி × இயல்மடக்கை (1 + மேற்பரப்புச் செறிவு ÷ அரைச்செறிவு மாறிலி)]

ஆக்சிஜனுக்கு 4, 0.2, 40,000 என்று போட்டால் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5.44 கிராம். ஆத்தூர் போட்ட மாறிலி வேகக் கணக்கில் இதே பாயம் 5.9 வரும். ஆக அந்தக் கையடக்கக் கணக்கு எட்டு ஒன்பது சதவீதம்தான் கூடுதலாகக் காட்டுகிறது, அவர் 150 என்று சொன்னதை நம்பலாம். உங்கள் நிரலில் குளுக்கோஸ் உறுப்பை 1 என்று வைத்து, ஆக்சிஜனை மட்டும் ஓட்டி, 5.44 வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நிரலில் பிழை. வந்த பிறகு குளுக்கோஸைச் சேருங்கள்.

வலைப்புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதையும் இதே எண்கள் சொல்லிவிடும். ஆக்சிஜன் தீரும் இடத்தில் வரைபடம் வளைகிற அளவு, விரவல் கெழு × அரைச்செறிவு மாறிலி ÷ வினைவேகம், அதன் வர்க்கமூலம், 23 மைக்ரோமீட்டர். 500 மைக்ரோமீட்டரை 20 துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 25, வளைவு முழுதும் ஒரே துண்டுக்குள் ஒளிந்துவிடும். 5 மைக்ரோமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள், அல்லது மேல்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் தளர்வாகவும் வையுங்கள். பைத்தானில் சைபை தொகுப்பில் எல்லை மதிப்புக் கணக்குகளுக்கு நிரல் இருக்கிறது, இலவச ஆக்டேவிலும் செய்யலாம். நியூட்டன் சுற்றின் நடுவில் செறிவு எதிர்மறைக்குப் போனால் மோனோவின் பகுதி பூஜ்யத்தை நெருங்கிக் கணக்கு வெடிக்கும். அப்போது எதிர்மறைச் செறிவுக்கு வினைவேகத்தைப் பூஜ்யமாக்கி விடுங்கள், அதோடு ஒரு செயற்கை நேர உறுப்பைச் சேர்த்து மெதுவாக நிலைத்த நிலைக்கு நகர்த்துங்கள்.

சேர்வராயன்_காப்பி எழுதியது:

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறேன், படித்தது வேதிப் பொறியியல். காப்பிப் பழத்தைப் பல்பிங் செய்யும்போது (தோலும் சதையும் நீக்கும்போது) வரும் தண்ணீரும் உங்கள் சேகோத் தண்ணீரும் ஒரே ஜாதி: புளிப்பு, சர்க்கரை, ஆக்சிஜன் பசி. அதனால் இந்த உரையாடலைக் கவனமாகப் படித்தேன். இரண்டு பேரும் தேங்கிய நீரடுக்கைத் தொடவில்லை, அது உங்கள் இரண்டாவது கேள்வி.

சேர்க்கத்தான் வேண்டும், அதுவும் ஆக்சிஜன் ஆளும் படலத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். மேற்பரப்பில் செறிவு தொட்டிச் செறிவுக்குச் சமம் என்ற எல்லை நிபந்தனையை எடுத்துவிட்டு, நீரடுக்கு வழியாக வரும் பாயமும் படலத்துக்குள் நுழையும் பாயமும் சமம் என்று வையுங்கள். நீரடுக்கு 100 மைக்ரோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் விரவல் கெழு நீரின் முழு மதிப்பு. மாறிலி வேகக் கணக்கில் இரண்டையும் சமன் செய்தால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும், கையாலேயே தீர்க்கலாம். 5.9 இருந்த பாயம் 4.0 ஆகிறது. படலத்தின் மேற்பரப்பில் ஆக்சிஜன் 4 இல்லை, 1.8 மட்டுமே. உள்ளே போகும் ஆழம் 150-லிருந்து 100-க்குச் சுருங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு வேலை காணாமல் போயிருக்கிறது, அதுவும் படலத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே!

இது வெறும் திருத்தம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆலைக்காரர் என்ன கேட்பார்? ப்ளோயரைக் கூட்டினால் எவ்வளவு லாபம் என்று கேட்பார். நீரடுக்கு இல்லாத மாதிரியில் பாயம் செறிவின் வர்க்கமூலமாக ஏறும் (டென்மார்க்கின் ஹாரமோஸ் 1970களில் அரைப்படி வினை என்று விளக்கியது இதைத்தான்), அதன்படி ஆக்சிஜனை 4-லிருந்து 6-க்கு ஏற்றினால் 22 சதவீதம் கூடும். நீரடுக்கைச் சேர்த்தால் 4.0-லிருந்து 5.2, அதாவது 31 சதவீதம். ஆக்சிஜனை 4-லேயே வைத்துக்கொண்டு நன்றாகக் கலக்கி நீரடுக்கைப் பாதியாக, 50 மைக்ரோமீட்டராக ஆக்கினால் 4.8, ஏறக்குறைய 21 சதவீதம். மின் கட்டணம் கட்டுகிறவருக்கு இந்த மூன்று எண்களும் மூன்று வேறு முடிவுகள்.

வெப்பநிலையையும் பாருங்கள். நீங்கள் எடுத்த நாளுக்கு 6 என்ற வளர்ச்சி வேகம் கழிவுநீர் மாதிரிகளில் 20 டிகிரிக்குக் கொடுக்கப்படும் மதிப்பு. சேலத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம், அந்த வகை மாதிரிகளின் கணக்குப்படி பத்து டிகிரிக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். விரவல் கெழு அந்த அளவுக்குக் கூடாது, அது முழு வெப்பநிலையை நீரின் பிசுக்குமையால் வகுத்த அளவுக்குத்தான் மாறும், 25-லிருந்து 30-க்குப் போனால் 13 சதவீதம். எனவே 150 என்ற ஆழம் சேலத்துத் தொட்டியில் நீரடுக்கு இல்லாமலேயே 110-க்குப் பக்கம் வந்துவிடும்.

எங்கள் மலையில் வேறு கதை. பல்பிங் நடப்பது குளிர்காலத்தில், தண்ணீர் 15 டிகிரி. அந்தக் குளிரில் விரவல் கெழு 30 டிகிரியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் காற்றழுத்தம் குறைவு, ஆனாலும் குளிர்ந்த நீர் அதிகம் கரைக்கும் என்பதால் ஆக்சிஜனின் நிறைசெறிவு (காற்றிலிருந்து அதிகபட்சமாகக் கரையும் அளவு) லிட்டருக்கு 8.5 மில்லிகிராம் வரை வருகிறது, கீழே சேலத்தில் 30 டிகிரியில் 7.3. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால், இரண்டு இடத்திலும் தண்ணீர் நிறைசெறிவில் இருந்தால், ஏற்காட்டுப் படலத்தில் ஆக்சிஜன் ஒன்றரை மடங்கு ஆழம் போகும், ஆனால் மொத்தப் பாயம் சேலத்தில் இருப்பதில் பாதிதான். ஆழம் அதிகம் என்றால் வேலை அதிகம் என்று பொருள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மாதிரியை மலை மேலும் கீழும் ஓட்டி ஒப்பிட்டால் உங்கள் ப்ராஜெக்ட் நம் மாவட்டத்துக்கே உரியதாக இருக்கும், செய்யுங்கள்.

கன்னங்குறிச்சி_மாணவி எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு கரைபொருள், நீரடுக்கு, இரண்டு வெப்பநிலை என்று அமைப்பை மாற்றி எழுதுகிறேன். வாத்தியார் சார் சொன்ன முதல் தொகையீட்டை நேற்றே போட்டுப் பார்த்தேன், வடிவம் அவ்வளவு எளிதாக விழுவது அழகாக இருந்தது.

இன்னும் மூன்று சந்தேகங்கள். படலம் உண்மையில் மேடு பள்ளமாக, உள்ளே கால்வாய்களோடு இருக்கும் என்று படங்களில் பார்த்தேன், அப்புறம் ஒரே பரிமாணத்தில் தட்டையாக எழுதுவது எந்த அளவுக்குச் சரி? எங்கள் ஆய்வகத்தில் படலத்துக்குள் குத்தி அளக்கும் நுண்மின்வாய் கிடையாது, வேறு ஏதாவது அளந்து மாதிரியோடு ஒப்பிட முடியுமா? குச்சிக்கிழங்கில் சயனைடு இருக்கிறதே, அதைச் சேர்க்க வேண்டுமா?

ஆத்தூர்_ஈடிபி எழுதியது:

கால்வாய் விஷயம் உண்மைதான். 1994-இல் டி பியர் குழு நுண்மின்வாயை வைத்து அளந்தபோது படலத்தின் கால்வாய்கள் வழியாக ஆக்சிஜன் உள்ளே ஆழமாகப் போவதைக் காட்டியது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று பரிமாண மாதிரிகள், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வைத்து வளர்க்கும் மாதிரிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வி ஒரு சதுர மீட்டர் மீடியா நாளுக்கு எவ்வளவு தின்கிறது என்பது. அதற்கு ஒற்றைப் பரிமாணம் போதும். சர்வதேச நீர்ச் சங்கத்தின் பணிக்குழு பல வகை மாதிரிகளை ஒரே கணக்கில் ஓட்டி ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட அறிக்கையிலும், தட்டையான படலத்தின் மொத்தப் பாயத்துக்கு எளிய மாதிரிகள் சிக்கலானவற்றுக்கு நெருக்கமாகவே வந்தன. படலம் எந்த வடிவில் வளரும், எங்கே உரியும் என்று கேட்டால்தான் ஒற்றைப் பரிமாணம் கைவிடும். நீரடுக்கின் தடிமன், விரவல் கெழு, நுண்ணுயிர் அடர்த்தி இந்த மூன்றும் உங்களுக்குச் சரியாகத் தெரியாத நிலையில் முப்பரிமாணத்துக்குப் போவது வீண் செலவு என்பது என் கருத்து.

சயனைடு: கிழங்கை அரைக்கும்போது அதில் உள்ள லினமாரின் என்ற சேர்மம் நொதியால் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அது மிகச் சிறிய, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு, புளித்த தண்ணீரில் அப்படியே இருக்கும், படலத்துக்குள் தடையில்லாமல் விரவும். மீத்தேன் உண்டாக்குகிறவை அதற்கு ரொம்பவே நோகும், ஆகவே முதல் தொட்டியை மாதிரியாக்கினால் தடுப்பு உறுப்பு ஒன்று கட்டாயம். நீங்கள் எடுத்திருப்பது இரண்டாவது தொட்டி, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அளவீடு செய்ய நுண்மின்வாய் வேண்டாம், சாதாரண டிஓ (கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் போதும். ஒரு மூடிய பாத்திரத்தில் மீடியாவையும் தொட்டித் தண்ணீரையும் போட்டு, காற்று ஊதி ஆக்சிஜனை ஏற்றிவிட்டு, ஊதுவதை நிறுத்தி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பதிவு செய்யுங்கள். ஒரு கனமீட்டர் மீடியாவுக்கு 500 சதுர மீட்டர் பரப்பு இருக்கும் வகை என்றால், பாத்திரத்தில் 40 சதவீதம் நிரப்பினால் கனமீட்டருக்கு 200 சதுர மீட்டர். பாயம் 4 கிராம் என்பது கனமீட்டருக்கு நாளுக்கு 800 கிராம், அதாவது நிமிடத்துக்கு லிட்டருக்கு 0.55 மில்லிகிராம். 4-லிருந்து 3-க்கு இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, மீட்டர் முள் நகர்வது கண்ணுக்கே தெரியும். செறிவு குறையக் குறையப் பாயமும் குறையும் என்பதால் தொடக்கச் சரிவை மட்டும் எடுங்கள். பிறகு 6-லிருந்தும், 2-லிருந்தும் ஆரம்பித்துச் செய்து பாருங்கள். பாயம் செறிவோடு நேர்விகிதத்தில் ஏறுகிறதா, வர்க்கமூலமாக ஏறுகிறதா, நடுவில் எங்கேயோ இருக்கிறதா என்பதிலிருந்து ஏற்காடு சொன்ன நீரடுக்கின் தடிமனை நீங்களே பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். காற்றை நிறுத்தினால் மீடியா அசையாமல் நின்றுவிடும், நீரடுக்கு தடித்துவிடும், நீங்கள் அளப்பது தொட்டியில் நடப்பதாக இருக்காது. அதனால் ஒரு மோட்டார் துடுப்பை வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள், வேகத்தை மாற்றி மாற்றியும் செய்யுங்கள். அப்புறம் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைத் தின்னும். மீடியாவை எடுத்துவிட்டு அதே தண்ணீரில் மறுபடி ஒரு முறை அளந்து, அந்த வேகத்தைக் கழித்துவிடுங்கள்.

மீடியா வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி எதிலாவது கேட்டு வாங்கித் தருகிறேன், தனிச் செய்தி அனுப்புங்கம்மா. வாளியில் அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே எடுத்துப் போய் அன்றைக்கே அளந்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், மேல் படலம் உரிந்துவிடும், குளோரின் இருந்தால் மிச்சமும் சாகும்.